சோலார் பேனல் சரியாக ஓடுகிறதா? பார்க்கும்போது செய்யும் தவறுகள்

மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்டவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி இது: "உச்சி வெயிலில்கூட ஆப்பில் 2.3 கிலோவாட்டுக்கு மேல் ஏறவில்லையே, மட்டமான பேனலை மாட்டிவிட்டார்களா?" பெரும்பாலும் பேனல் நன்றாகத்தான் இருக்கும். நாம் பார்க்கிற எண்ணும் பார்க்கிற நேரமும்தான் தப்பு.

பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு ஆய்வுக்கூடத்தில் எடுத்தது. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டு அளந்தது. நம் மொட்டை மாடியில் மே மாத மதியம் அந்தச் செல் 60, 65 டிகிரிக்குப் போய்விடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இறங்கும். 40 டிகிரி ஏறினால் அதிலேயே பதிமூன்று, பதினான்கு சதவீதம் போச்சு. தூசி, வயர், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டியான இன்வெர்ட்டர் இவையெல்லாம் எடுத்துக்கொள்வது தனி. ஆக, மூன்றில் 2.3 வருவது நியாயமான கணக்குதான். கத்திரி வெயிலில் கரண்ட் கொட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். வானம் தெளிந்து, சூடு இன்னும் ஏறாத மாசி, பங்குனியில்தான் நல்ல எண்கள் வரும்.

எனவே கிலோவாட்டை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட்டுக்கு 12. இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் முழுக்க 3 யூனிட் வந்தாலே பெரிது. ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், இந்த மாதத்தைப் போன ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். முதல் வருடம் என்றால், பக்கத்துத் தெருவில் சோலார் வைத்திருப்பவரிடம் அவருடைய யூனிட்டைக் கேட்டு, அவருடைய கிலோவாட்டால் வகுத்துப் பாருங்கள். மேகம் இருவருக்கும் ஒன்றுதானே.

அடுத்த குழப்பம் கரண்ட் பில்லில் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் இன்வெர்ட்டரின் மொத்த யூனிட் 4,210-லிருந்து 4,930 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் பேனல் தந்தது 720 யூனிட். மின்வாரிய மீட்டரில் எக்ஸ்போர்ட் (வீட்டிலிருந்து லைனுக்குப் போனது) 430, இம்போர்ட் (லைனிலிருந்து வீட்டுக்கு வந்தது) 350 என்று இருக்கிறது. எக்ஸ்போர்ட்டை மட்டும் பார்க்கிறவர், "720 வரவேண்டிய இடத்தில் 430-தான் வருகிறது, பேனல் போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார். மிச்சம் 290 யூனிட் எங்கேயும் போகவில்லை. பகலில் ஓடிய ஃபிரிட்ஜும் மோட்டாரும் வாஷிங் மெஷினும் அதை நேராக எடுத்துக்கொண்டுவிட்டன. அது மின்வாரிய மீட்டரைத் தொடுவதே இல்லை, அதனால் பில்லிலும் வராது. அந்த வீட்டின் உண்மையான செலவு 290-உம் 350-உம் சேர்ந்து 640 யூனிட். சோலார் போட்ட பிறகு பகலிலும் ஏ.சி. போடப் பழகிய வீடுகளில் பில் எதிர்பார்த்த அளவு குறையாது. அந்தப் பழியும் பேனல் தலையில்தான் விழுகிறது.

ஆப்பையே முழுசாக நம்புவதும் தவறு. இன்வெர்ட்டரோடு சேர்ந்த வைஃபை குச்சி, வீட்டு ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றிய அன்றே தொடர்பு அறுந்து நிற்கும். ஆப்பில் பூஜ்யம் காட்டும், மாடியில் பேனல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் இன்வெர்ட்டரின் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். அதில் எண் ஓடினால் கோளாறு இன்டர்நெட்டில்தான். இரவில் ஆப் 'ஆஃப்லைன்' என்று காட்டுவதும் பல இன்வெர்ட்டர்களில் வழக்கம்.

ஆப்பில் உண்மையாகவே பயன்படுவது அந்த நாளின் வரைபடம். ஆனால் அதைத்தான் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தெளிந்த நாளில் காலை மெல்ல ஏறி, பன்னிரண்டேகால் வாக்கில் உச்சி தொட்டு, மாலை மெல்ல இறங்க வேண்டும். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் மேகம், விட்டுவிடலாம். தினமும் ஒரே நேரத்தில், காலை ஒன்பதரைக்கோ மூன்று மணிக்கோ, பள்ளம் விழுந்தால் அது நிழல். அந்த நேரத்தில் மாடிக்குப் போய் நின்று பாருங்கள்: தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டுத் தென்னை என்று ஏதாவது ஒன்று சிக்கும். பேனலுக்குள் செல்கள் வரிசையாக ஒன்றோடொன்று கோர்த்திருப்பதால், ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூட அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கைச் செயலிழக்க வைக்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜூனில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே இருக்கும், டிசம்பரில் தெற்கே சாய்ந்துவிடும். சென்னையில் டிசம்பர் கடைசியில் பத்தடி உயரத் தொட்டியின் நிழல், நண்பகலிலேயே வடக்கே ஏழடிக்கு மேல் நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் அதிகம். ஜூனில் வந்து பார்த்து "நிழலே இல்லை சார்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, டிசம்பரை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வரைபடம் நட்ட நடுப்பகலில் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, கொஞ்ச நேரத்தில் பழையபடி எழுந்தால், அது வேறு கதை. இன்வெர்ட்டரின் பிழைப் பட்டியலில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய லைன் 255, 260 என்று ஏறும்போது இன்வெர்ட்டர் தற்காப்புக்காகத் தானே விலகிக்கொள்ளும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் மெலிதாகவோ இணைப்பு தளர்ந்தோ இருந்தாலும், டிரான்ஸ்பார்மரிலேயே வோல்டேஜ் அதிகமாக இருந்தாலும் இப்படி ஆகும். பேனலைக் கழுவிக்கழுவிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. பிழை வந்த நேரங்களைப் படம் எடுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். "இன்வெர்ட்டர் விலகும் வோல்டேஜ் செட்டிங்கை உயர்த்திவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், வீட்டு டி.வி.யும் ஃபிரிட்ஜும் அதே வோல்டேஜில்தான் ஓடுகின்றன.

கரண்ட் போனதும் சோலாரும் நின்றுபோவதைக் கோளாறு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த இன்வெர்ட்டர் அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

கழுவுவதில் நடக்கும் தவறுகள் சுருக்கமாக: கொதிக்கும் கண்ணாடியில் மதியம் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம், அதனால் விடியற்காலைதான் சரி. உப்பு மிகுந்த போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும், நாளாக ஆகத் தேய்த்தாலும் போகாது. துணி சோப்புத் தூள், கம்பி பிரஷ் இரண்டும் வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கண்ணாடி உடையாமல் உள்ளே செல் மட்டும் கீறும், அது வெளியே தெரியவே தெரியாது.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரிசையாகக் கோர்த்த பேனல்களில் 200, 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இருக்கும். கரண்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி அறுபடாமல் நின்று எரியும். அப்புறம், வோல்டேஜ் சரியாகக் காட்டுவதால் பேனல் சரி என்று ஆகிவிடாது. அழுக்கேறிய பேனலும் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் காட்டும், குறைவது ஆம்பியர்தான். அதை அளக்க டி.சி. கிளாம்ப் மீட்டரும் பழகிய கையும் வேண்டும். நீங்கள் தொடாமலே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. பேனல் வயர்கள் இன்வெர்ட்டருக்குப் போகும் வழியில் உள்ள டி.சி. பெட்டியில் இருக்கும் மின்னல் தடுப்புச் சாதனத்தின் சிறிய ஜன்னல். பச்சையாக இருந்தால் நல்லது, சிவப்பாகியிருந்தால் அது வேலையை முடித்துவிட்டது, மாற்ற வேண்டும். இடி மின்னலோடு மழை பெய்த மறுநாள் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், இன்வெர்ட்டரின் மொத்த யூனிட்டைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பேனலுக்கு 25 ஆண்டு திறன் வாரண்டி என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். என்றாவது அதைக் கேட்டுப் போகும்போது, "குறைந்த மாதிரி இருக்கிறது" என்ற பேச்சு எடுபடாது. பேனல் சீரியல் நம்பரின் புகைப்படத்தையும் இந்த எண்களையும்தான் கேட்பார்கள்.