கடலூர், புதுச்சேரியில் குடிநோய் மீட்புக் கூட்டத்துக்கு முதன்முறை செல்வது எப்படி?

குடியை நிறுத்த முடிவெடுத்தவர்களில் பலர் பகல் முழுவதும் தனியாகப் போராடிவிட்டு, இருட்டும் நேரத்தில் தோற்றுப்போகிறார்கள். அந்த நேரத்தில் போய் உட்கார ஓர் இடமும், தம்மைப் போலவே குடித்து மீண்டவர்களின் துணையும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ‘ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் நடக்கின்றன. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயோடு போராடிய ஒரு பங்குத்தரகரும் ஒரு மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. சுருக்கமாக ‘ஏஏ’ என்பார்கள்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வரும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அதையடுத்து மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஏஏ கூட்டம் சிகிச்சை தருவதில்லை. ஆகவே, மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ சென்று, எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்தாலோ நினைவு தடுமாறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கூட்டத்தைக் கண்டுபிடித்தல்

ஏஏ அமைப்பின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இயங்குகிறது. அதன் இணையதளத்திலிருந்து உங்கள் பகுதிக் குழுவின் தொடர்பைப் பெறலாம். மத்திய அரசின் போதை மீட்புக்கான கட்டணமில்லா உதவி எண் 14446-லும் வழி கேட்கலாம். மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரில் விசாரிப்பதும் நல்லது. குழுக்கள் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது உண்டு என்பதால், பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாமல் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, நாள், நேரம், எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும், தமிழில் நடக்குமா என்பவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘திறந்த கூட்டம்’ என்றால் குடும்பத்தாரும் நண்பர்களும் உடன் வரலாம். ‘மூடிய கூட்டம்’ குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டுமானது. பெண்கள், வேறு பெண் உறுப்பினர்கள் வருகிறார்களா என்று தயங்காமல் கேட்கலாம்.

பல குழுக்கள் தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ கூடுகின்றன. இடம் தேவாலயத்துடையது என்பதால் அது மதக் கூட்டம் ஆகிவிடாது. ஏஏ எந்த மதத்தையும் கட்சியையும் சார்ந்ததன்று. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் உறுப்பினராகலாம், ஏனெனில் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினர் தகுதி.

வழிப் பயணத்தைத் திட்டமிடுங்கள்

நான் மிகவும் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சி, கடலூர்க்காரர் புதுச்சேரிக் கூட்டத்துக்கும் புதுச்சேரிக்காரர் கடலூர்க் கூட்டத்துக்கும் போக நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் சாலையில் முள்ளோடையும் கன்னியக்கோயிலும் இருக்கின்றன என்பதையும், அங்குள்ள மதுக்கடைகளுக்காகவே கடலூரிலிருந்து ஆட்கள் எல்லை தாண்டுகிறார்கள் என்பதையும் நீங்களே நன்கு அறிவீர்கள். எனவே முதல் சில முறை இருசக்கர வாகனத்தில் தனியாகப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு பேருந்தில் செல்லுங்கள். அல்லது குழுவின் தொடர்பாளரிடமே, பேருந்து நிலையத்தில் வந்து சந்திக்க யாரேனும் உண்டா என்று கேளுங்கள். வயிறு காலியாக இருக்கும்போது குடிக்கும் ஏக்கம் கூடக்கூடும் என்பதால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும் வழியையும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். உள்ளூரிலேயே குழு இருந்தால் அதுவே மேல் என்பது என் கருத்து. பக்கத்தில் இருக்கும் கூட்டத்துக்குத்தான் மனிதர் தொடர்ந்து போவார்.

அறைக்குள் நடப்பது

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரமோ, சற்றுக் கூடுதலாகவோ நீளும். ஒருவர் தலைமையேற்று, அமைப்பின் நோக்கத்தை வாசித்துத் தொடங்கிவைப்பார். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, தம் குடியையும் மீட்சியையும் பேசுவார்கள். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. உங்கள் முறை வரும்போது, “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொன்னால் போதும். முழுப் பெயரும் வேலையும் ஊரும் சொல்லத் தேவையில்லை. அங்கே கேட்டதையும் பார்த்தவரையும் வெளியில் பேசக் கூடாது என்பது உங்களையும் சேர்த்து எல்லோருக்கும் பொது. கட்டணம் கிடையாது. இடையில் ஒரு பை சுற்றிவரும். உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள், புதியவர் போட வேண்டியதில்லை.

முடிந்ததும் உடனே வெளியேறிவிடாதீர்கள். கூட்டத்துக்குப் பின் நடக்கும் பேச்சில்தான் துணை கிடைக்கிறது. இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண்களை வாங்கி, குடிக்கத் தோன்றும்போது, குடிப்பதற்கு முன்பே, அழைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கூட்டத்தை வைத்து முடிவுக்கு வராமல், வேறு குழுக்களையும் இணையவழிக் கூட்டங்களையும் பாருங்கள்.

குடிப்பவர் வர மறுத்தால், குடும்பத்தார் தங்களுக்காகவே ‘அல்-அனான்’ குழுவை நாடலாம். அவர் நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடையில் மறுபடியும் குடித்துவிட்டவர் அடுத்த கூட்டத்துக்கே திரும்ப வரலாம். தவறிய நாட்களைக் காட்டி யாரையும் விலக்குவதில்லை.