ஃபேன்டஸி நாவலைப் பாதியில விடுறது எப்படி, மனசு உறுத்தாம

மேஜிக், கற்பனை உலகம்னு போற ஃபேன்டஸி நாவல் படிக்கிறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, எல்லார்கிட்டயும் அப்படி ஒரு புக் இருக்கும். எண்ணூறு பக்கம், நூத்தி சொச்சத்துல புக்மார்க், அது அந்த இடத்தை விட்டு நகர்ந்து மாசக்கணக்காச்சு. தொடரவும் பிடிக்கல, மூடி வைக்கவும் மனசு வரல. இதுல பெரிய நஷ்டம் அந்த புக் இல்ல, "இதை முடிச்சுட்டு தான் அடுத்தது"ன்னு நமக்கு நாமே ஒரு ரூல் போட்டுக்கிட்டு வேற எதையும் தொடாம இருக்கோம் பாருங்க, அதுதான். நல்லா படிச்சுக்கிட்டு இருந்தவங்க ஒரே ஒரு தடிமனான புக்கால படிக்கிறதையே விட்டுட்டதை நான் பாத்திருக்கேன். அதனால எப்போ விடணும், எப்படி விடணும், எதை அவசரப்பட்டு விடக்கூடாது, இதையெல்லாம் கொஞ்சம் விவரமா எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல மனசுல இருக்கிற அந்த குற்ற உணர்ச்சியை ஓரம் கட்டுங்க. டேனியல் பென்னாக்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர், ஸ்கூல் வாத்தியாராவும் இருந்தவர், 1992ல வந்த ஒரு புத்தகத்துல வாசகனுக்கு பத்து உரிமை இருக்குன்னு எழுதினார். முதல் உரிமையே படிக்காம இருக்கிறது தான், ரெண்டாவது பக்கத்தைத் தாண்டிப் போறது, மூணாவது புக்கை முடிக்காம விடுறது. பசங்களுக்கு படிக்கிறதுல ஆசை வரணும்னு நினைச்ச ஒரு வாத்தியார் சொன்னது இது, சோம்பேறித்தனத்துக்கு சப்பைக்கட்டு கிடையாது.

காசு குடுத்து வாங்கிட்டோமேங்கிற உறுத்தலும் உண்டு. 1985ல ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நாடக சீசன் டிக்கெட் வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஒரே டிக்கெட், சிலருக்கு முழு விலை, சிலருக்கு தள்ளுபடி. முழு விலை குடுத்தவங்க சீசனோட முதல் பாதியில அதிக நாடகத்துக்கு வந்தாங்க. நாடகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு தான், குடுத்த காசு தான் இழுத்துக்கிட்டு வந்துச்சு. நீங்க அந்த எண்ணூறு ரூபா புக்கோட மல்லுக்கட்டுறதும் இதே கதை தான். முடிச்சாலும் அந்த காசு திரும்ப வராது, கூடவே இன்னும் இருபது மணி நேரம் போயிடும்.

சரி, எத்தனை பக்கம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்? அமெரிக்காவுல நான்சி பேர்ல்னு ஒரு லைப்ரரியன் ரொம்ப காலமா சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. அம்பது பக்கம் படிங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க, வயசு அம்பதைத் தாண்டிடுச்சுன்னா நூறுல இருந்து உங்க வயசைக் கழிங்க, மிச்சம் வர்ற அத்தனை பக்கம் போதும். அறுபது வயசுக்காரருக்கு நாப்பது பக்கம். ரொம்ப நல்ல ரூல், ஆனா ஃபேன்டஸிக்கு அப்படியே செட் ஆகாது. ஏன்னா ஃபேன்டஸி நாவல் ஒரு உலகத்தையே கட்டிக்காட்டிட்டு தான் கதைக்குள்ள வரும், ஊர் பேரு, ராஜ வம்சம், சாமி, பணம், மேஜிக் எப்படி வேலை செய்யுது, இதெல்லாம் செட்டில் ஆகவே அம்பது பக்கம் ஓடிடும். அதனால நான் சொல்றது பதினஞ்சு சதவீதம். முன்னூறு பக்க புக்குக்கு நாப்பத்தஞ்சு, எண்ணூறு பக்க புக்குக்கு நூத்தி இருபது. அவ்வளவு இடம் குடுத்தும் ஒரு எழுத்தாளரால உங்களை உள்ள இழுக்க முடியலைன்னா அவர் நியாயமான வாய்ப்பு வாங்கிட்டார்னு தான் அர்த்தம்.

அந்த இடம் வந்ததும் புக்கை மூடிட்டு, பின்னாடி திருப்பிப் பாக்காம, கதையில வர்ற ஒரு ஆளோட பேரைச் சொல்லுங்க, அந்த ஆளுக்கு இப்போ, இந்த நிமிஷம், என்ன வேணும்னு சொல்லுங்க, அது கிடைக்கலைன்னா என்ன ஆகும்னு சொல்லுங்க. சொல்ல முடிஞ்சா அப்புறம் ஒரு கேள்வி தான் பாக்கி, அது கிடைக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு ஆசையா இருக்கா? இல்ல, ஏழு வகை மேஜிக் பத்தியும் உங்களால சொல்ல முடியுது, ஆனா ஹீரோவுக்கு என்ன வேணும்னு சொல்ல முடியலைன்னா, அந்த நாவலோட பிரச்சனை அங்க தான் இருக்கு. வேர்ல்ட் பில்டிங் எவ்வளவு பிரமாதமா இருந்தாலும் ஆளுங்க மேல அக்கறை வரலைன்னா நானூறாவது பக்கத்துலயும் வராது. என் அனுபவத்துல இது மாறினதே இல்ல.

ஆனா இங்க ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். குழப்பம் வேற, சலிப்பு வேற. ரெண்டும் "படிக்க முடியல"ன்னு ஒரே மாதிரி தான் தோணும். உதாரணத்துக்கு ஸ்டீவன் எரிக்சனோட மலாசான் சீரிஸ், மொத்தம் பத்து புக். முதல் புக் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' 1999ல வந்தது, அதை பாதியில விட்டவங்க ஏராளம். ஏன்னா அது எதையும் விளக்காது. ஏற்கனவே நடந்துக்கிட்டு இருக்கிற ஒரு போருக்கு நடுவுல உங்களைக் கொண்டுபோய் நிறுத்திடும், யாரு யாரோட ஆளு, இந்த சாமிங்க எதுக்கு மனுஷங்க விஷயத்துல தலையிடுறாங்க, ஒண்ணும் புரியாது. முன்னாடி நீளமா ஒரு கேரக்டர் லிஸ்ட் இருக்கும், பின்னாடி புது வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ற ஒரு க்ளாசரி இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல விரலை வெச்சுக்கிட்டு படிக்கணும். எரிக்சன் ஆர்க்கியாலஜி, ஆந்த்ரபாலஜி படிச்சவர், அந்த உலகமே அவரும் நண்பர் எஸ்லமான்ட்டும் ஆளுக்கொரு கேரக்டரா மாறி விளையாடின ரோல் பிளேயிங் கேம்ல இருந்து வந்தது. அதனால கதையும் தோண்டி எடுக்கிற மாதிரி தான் இருக்கும், மேல இருந்து கீழ ஒவ்வொரு அடுக்கா. இந்த மாதிரி புக்ல புரியலைங்கிறதுக்காக விடாதீங்க. புரியலைன்னாலும் அடுத்த பக்கம் என்னன்னு கை போகுதுன்னா தொடருங்க. புரிஞ்சும் கை போகலைன்னா அது சலிப்பு, அதை தாராளமா விடலாம். அப்புறம் இன்னொண்ணு, இதே சீரிஸ்ல ரெண்டாவது புக் வேற கண்டத்துல, பெரும்பாலும் புது ஆளுங்களோட ஆரம்பிக்கும். கஷ்டப்பட்டு பழகின ஆளுங்க திடீர்னு காணாம போறது நிறைய பேருக்கு தாங்காது, இதை முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டு போறது நல்லது.

அடுத்தது சீரிஸ் நடுவுல வர்ற ஏமாற்றம். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட வலிக்கிற விஷயம், ஏன்னா இங்க நீங்க ஏற்கனவே அந்த ஆளுங்களை நேசிக்க ஆரம்பிச்சிருப்பீங்க. ராபர்ட் ஜோர்டனோட 'தி வீல் ஆஃப் டைம்' எடுத்துக்கோங்க. 1990ல ஆரம்பிச்சு 2013ல முடிஞ்சது, பதினாலு புக், மொத்தம் 40 லட்சம் வார்த்தைக்கு மேல. முதல் ஆறு புக் வரைக்கும் பறந்து படிச்சவங்க கூட எட்டு, ஒன்பது, பத்துல வந்து மாட்டிக்குவாங்க. பத்தாவது புக் 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்' 2003ல வந்தது. அதுக்கு முந்தின புக் ஒரு மாபெரும் சம்பவத்தோட முடியும், உலகத்தோட விதியையே மாத்துற அளவுக்கு. வாசகர் ரெண்டு வருஷத்துக்கும் மேல காத்திருந்து அடுத்ததைத் திறந்தா, அந்த சம்பவம் நடந்த அதே நேரத்துல மத்தவங்க எல்லாம் எங்க இருந்தாங்க, என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு கதை பின்னாடி போகுது. ஒருத்தர் கூடாரத்துல, இன்னொருத்தர் ரோட்டுல, எல்லாரும் ஒரே திசையை நிமிர்ந்து பாத்து ஏதோ பெருசா நடக்குதுன்னு உணர்றாங்க, திரும்ப அவங்கவங்க வேலையைப் பாக்கப் போறாங்க. கதை நகரவே இல்லையேன்னு வாசகர் கோபப்பட்டா அது நியாயமான கோபம்.

ஆனா அந்த சீரிஸ்ல அதுக்கு அப்புறம் வேகம் பிடிக்குது. ஜோர்டன் 2007ல இறந்துட்டார், அவர் மனைவி ஹேரியட் மெக்டூகல் தான் அவரோட எடிட்டரும், அவங்க பிராண்டன் சாண்டர்சன்னு இன்னொரு ஃபேன்டஸி எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து, ஜோர்டன் விட்டுட்டுப் போன குறிப்புகளை வெச்சு கடைசி மூணு புக்கை முடிக்க வெச்சாங்க. அதனால இந்த மாதிரி நேரத்துல விடுறதுக்கும் தொடர்றதுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. இழுக்குற புக்கோட அத்தியாய சுருக்கத்தை ரசிகர்கள் எழுதி வெச்சிருக்கிற விக்கி தளத்துல படிச்சுட்டு நேரா அடுத்த புக்குக்குப் போயிடுங்க. இது ஏமாத்து வேலைன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. இல்லைன்னா அந்த ஒரு புக்கை மட்டும் ஆடியோவா கேளுங்க, இந்த சீரிஸை மைக்கேல் க்ரேமரும் கேட் ரீடிங்கும் படிச்சிருக்காங்க, சமைக்கும்போது, வண்டி ஓட்டும்போது, அந்த இழுவை அவ்வளவா உறுத்தாது. ஒரு புது சீரிஸை நேரடியா ஆடியோல ஆரம்பிக்கிறதை மட்டும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன், பேரெல்லாம் காதுல ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.

ஜார்ஜ் ஆர் ஆர் மார்ட்டினோட சீரிஸ்ல ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரா வந்த கதை) இன்னொரு வசதி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பு பெரும்பாலும் அந்த கேரக்டர் பேரு தான், அதனால உங்களுக்குப் பிடிக்காத ஆளோட அத்தியாயத்தை முதல் தடவை மேலோட்டமா ஓட்டிட்டுப் போகலாம். 2005ல வந்த நாலாவது புக்ல டிரியன், ஜான், டெனேரிஸ்னு மூணு முக்கியமான கேரக்டரோட அத்தியாயமும் கிடையாது, அவங்க கதை 2011ல வந்த அஞ்சாவது புக்குக்குப் போயிடுச்சு. நாலாவதுல விட்டவங்க பாதிப் பேர் இதனால தான் விட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். ரெண்டு புக்கையும் கலந்து படிக்க ரசிகர்கள் அத்தியாய வரிசை போட்டு வெச்சிருக்காங்க, அதை வெச்சு ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

முடியாத சீரிஸ் வேற வகை. மார்ட்டினோட ஆறாவது புக்குக்கு 2011ல இருந்து காத்திருக்காங்க. பேட்ரிக் ராத்ஃபஸ்ஸோட 'கிங்கில்லர் க்ரானிக்கிள்' சீரிஸ்ல முதல் புக் 2007, ரெண்டாவது 2011, மூணாவது இன்னும் கையில வரல. இங்க நீங்க புக்கை விடல, புக் தான் உங்களை விட்டுட்டுப் போயிருக்கு. இதுக்கு என் வழி, ஆரம்பிக்கும் முன்னாடியே முடிஞ்ச சீரிஸா இல்லையான்னு பாத்துடுறது. முடியலைன்னா "இது முடிவில்லாத கதை, இந்த ரெண்டு புக் எனக்குக் குடுக்கிறது போதுமா?"ன்னு கேட்டுட்டு உள்ள போங்க. போதும்னா படிங்க, அதுல குறை ஒண்ணும் இல்ல.

"மூணாவது புக்ல இருந்து வேற லெவல் ஆயிடும், பொறுத்துக்கோ"ன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லுவாங்க. அன்போட தான் சொல்றாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டாயிரம் பக்கம் பிடிக்காம படிக்கணும்னா வேணாம்னு சொல்லிடுங்க. அவங்க கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு தான், "முதல் புக்கே உனக்குப் பிடிச்சுதா?" பிடிச்சுதுன்னா உங்க ரெண்டு பேர் ரசனையும் வேற, அவ்வளவு தான்.

இனி விடுற முறை. அத்தியாயத்துக்கு நடுவுல விடாதீங்க, ஓடிக்கிட்டு இருக்கிற அத்தியாயத்தை முடிச்சுட்டு விடுங்க, பின்னாடி திரும்ப எடுக்கிறதுக்கு அது ரொம்ப உதவும். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டுல, இல்ல ஃபோன்ல, மூணு வரி எழுதுங்க: கதை இப்போ எங்க நிக்குது, யாரை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, எதனால விடுறேன். மூணாவது வரி தான் முக்கியம். "போர் அடிக்குது"ன்னு எழுதாதீங்க, அதை வெச்சு பின்னாடி ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. "ஹீரோவுக்கு எல்லாமே ஈஸியா கிடைச்சுடுது", "பெண் கேரக்டர்ஸ் எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க", "அரண்மனை அரசியல் ஜாஸ்தி, பயணம் கம்மி", இந்த மாதிரி எழுதுங்க. கொஞ்ச நாள்ல இந்த சீட்டெல்லாம் சேந்து உங்க ரசனை என்னன்னு உங்களுக்கே காட்டிக்குடுக்கும், அடுத்த புக் வாங்கும்போது எந்த ரிவ்யூவை விடவும் அது கை குடுக்கும்.

சீட்டை புக்குக்குள்ள வெச்சு, புக்கை கண்ணுக்குத் தெரியற இடத்துல இருந்து எடுத்துடுங்க. கட்டில் பக்கத்துல இருக்கிற வரைக்கும் அது உங்களை முறைச்சுக்கிட்டே இருக்கும். கிண்டில்னா டிவைஸ்ல இருந்து நீக்கிடுங்க, வாங்கின புக் உங்க அக்கவுன்ட்ல இருக்கும், எங்கயும் போகாது. லைப்ரரி புக்னா இன்னைக்கே திருப்பிக் குடுங்க, வேற யாராவது அதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. முடிவு மட்டும் தெரிஞ்சா போதும்னு தோணுச்சுன்னா கதைச்சுருக்கத்தைப் படிச்சுடுங்க, விட்டதுக்கு அப்புறம் ஸ்பாய்லர்னு ஒண்ணு கிடையாது. எங்கயாவது ரேட்டிங் போடுறதா இருந்தா எந்த இடத்துல விட்டீங்கன்னு சொல்லிட்டு எழுதுங்க. நூறு பக்கம் படிச்சுட்டு க்ளைமாக்ஸ் சரியில்லைன்னு எழுதுறது அந்த எழுத்தாளருக்குப் பண்ற அநியாயம்.

விட்ட கையோட இன்னொரு பத்து புக் சீரிஸை எடுக்காதீங்க. சின்னதா, முழுசா முடியற ஒண்ணா எடுங்க. உர்சுலா லெ குவினோட 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968ல வந்தது, சுமார் இருநூறு பக்கம் தான் வரும், ஒரு பையன் தன் அகம்பாவத்தால ஒரு நிழலை உலகத்துக்குள்ள விட்டுட்டு அதுக்குப் பயந்து ஓடுறான், அப்புறம் திரும்பி அதைத் துரத்துறான், அவ்வளவு தான் கதை, ஆனா ஒரு வரி கூட வீண் கிடையாது. சூசனா க்ளார்க்கோட 'பிரானேசி' 2020, அதுவும் சின்னது, தனிக்கதை. சிரிக்கணும்னா டெரி பிராட்செட்டோட டிஸ்க்வேர்ல்ட், மொத்தம் 41 நாவல், ஆனா வரிசையா படிக்கணும்னு கட்டாயம் இல்ல, 'மார்ட்' இல்லைன்னா 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'ல இருந்து ஆரம்பிங்க, முதல் புக்ல இருந்து வேணாம். சீரிஸ் தான் வேணும்னா சாண்டர்சனோட மிஸ்ட்பார்ன் முதல் மூணு புக், 2006ல இருந்து 2008க்குள்ள வந்து அந்தக் கதை முழுசா முடிஞ்சுடுச்சு.

விட்டதை திரும்ப எடுக்கலாமா? சீட்டுல எழுதின காரணம் புக்கைப் பத்தினதா, உங்க நேரத்தைப் பத்தினதான்னு பாருங்க. பரீட்சை, வேலை மாறுதல், கைக்குழந்தை, இந்த மாதிரி சமயத்துல விட்ட புக்கு எல்லாம் இன்னொரு வாய்ப்புக்குத் தகுதியானது. எழுத்தே பிடிக்காம விட்டதை யாருக்காவது குடுத்துடுங்க, பழைய புத்தகக் கடைக்காவது போகட்டும். திரும்ப எடுக்கும்போது முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, நிறைய பேர் ரெண்டாவது தடவையும் அதே நூத்தி இருபதாவது பக்கத்துல நிக்கிறது அதனால தான். சீட்டைப் படிங்க, விட்ட இடம் வரைக்குமான சுருக்கத்தைப் படிங்க, நேரா அடுத்த அத்தியாயத்துல ஆரம்பிங்க.