பறவைப் படத்துக்குக் கட்டுப்படியாகும் டெலி லென்ஸ்: சிங்கப்பூரில் பார்த்து வாங்கும் முறை

கேமரா இருக்கிறது. கூட வந்த லென்ஸில் எதிர் மரத்து மாங்குயில் பட்டாணி அளவுக்குத்தான் விழுகிறது. அடுத்து எதை வாங்குவது என்று தேடுகிறவர்களுக்கான குறிப்பு இது. ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் எல்லாம் ஏற்கெனவே பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் ஒரு கணக்கு

பறவையின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (250, 400 என்று லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால், சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு கிடைக்கும். எல்லாமே மில்லிமீட்டரில். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நம்மூர் மீன்கொத்தி சுமார் 240 மி.மீ. அது 15 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் 250 மி.மீ. லென்ஸில் 4 மி.மீ., 400-ல் 6.4, 600-ல் 9.6. ஏபிஎஸ்-சி (கட்டுப்படியான விலைக் கேமராக்கள் பலவற்றில் இருப்பது) சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23 மி.மீ. பிம்பம் அதில் கால் பங்கைத் தாண்டினால் ஓரத்தை வெட்டிவிட்டு நல்ல படமாக்கலாம். அதாவது 15 மீட்டருக்கு 400 போதும்.

இதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. பாதித் தூரம் நெருங்கிவிட்டால் 250 மி.மீ. லென்ஸே 8 மி.மீ. பிம்பம் தரும், பதினைந்து மீட்டரில் நிற்கும் 400-ஐவிடப் பெரிது. பூமலையிலும் (தாவரவியல் பூங்கா) ஜூரோங் ஏரித் தோட்டத்திலும் பறவைகளுக்கு மனித நடமாட்டம் பழகிப்போனது, மெதுவாக நடந்தால் நெருங்க விடும். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் சேற்றுக்கு அப்பால் நிற்கும் உள்ளான்கள் அப்படியில்லை, அங்கே 600 கூடப் போதாது. ஆகவே நீங்கள் அதிகம் போகப்போகும் இடம் எது என்று முடிவு செய்துவிட்டு மேலே படியுங்கள்.

சின்ன சென்சார் பறவையைப் பெரிதாக்குவதில்லை, பிம்பம் அதே அளவுதான். ஆனால் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் அந்தப் பிம்பத்தின்மேல் விழும் பிக்சல்கள் 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேமைவிட (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) இரண்டு மடங்குக்கு மேல். கையில் காசு குறைவென்றால் ஏபிஎஸ்-சி உடலையே வைத்துக்கொண்டு லென்ஸில் போடுங்கள்.

2. வெளிச்சமும் கிட்டத் தூரமும்

டைரி ஃபார்ம் மாதிரி மரம் மூடிய பாதையில் காலை எட்டு மணிக்கும் இருட்டுதான். எஃப்/5.6-ல் ஐஎஸ்ஓ 1600 வேண்டிய இடத்தில் எஃப்/11-க்கு 6400 வேண்டும், வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். கெனான் ஆர்எஃப் 600 எஃப்/11 வெறும் 930 கிராம், தூக்க சுகம்தான். திறந்த நீர்நிலைக்குச் சரி, காட்டுக்குள் திணறும்.

அதைவிடப் பலரைக் கவிழ்ப்பது குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். விளம்பரத்தில் ஒரு மூலையில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அந்த 600 எஃப்/11-க்கு 4.5 மீட்டர், 800 எஃப்/11-க்கு 6 மீட்டர். ஹெலிக்கோனியா பூவில் தேன்சிட்டு இரண்டு மீட்டரில் தொங்கும்போது பின்னால் நடந்து போகவேண்டி வரும், அதற்குள் அது பறந்துவிடும். தேன்சிட்டுதான் குறி என்றால் 1 மீட்டர் அளவுக்குக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் லென்ஸைத் தேடுங்கள்.

3. எந்த உடலுக்கு எது

எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை கேமரா) மாறுவதால் டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி உள்ள பழைய வகை) லென்ஸ்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மலிவு வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

கெனான் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆருக்கு ஆரம்பம் 55-250 எஸ்டிஎம். 375 கிராம், 0.85 மீட்டரில் ஃபோகஸ். 75-300-ஐ யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள், ஃபோகஸ் மந்தம், 300-ல் படம் மொழுமொழுவென்று இருக்கும். அதற்கு மேல் ஈஎஃப் 400 எஃப்/5.6எல். 1993-ல் வந்த வடிவம், 1.25 கிலோ, உலுக்கல் தடுப்பு கிடையாது, 3.5 மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. ஆனாலும் பறக்கும் பருந்துக்கு ஷட்டர் 1/2000-ல் இருக்கும்போது உலுக்கல் தடுப்பு எதற்கு? என் ஓட்டு இதற்கே.

நிக்கானில் 200-500 எஃப்/5.6. கூர்மைக்குக் குறையில்லை, எடை 2.3 கிலோ. கெனான், நிக்கான் இரண்டுக்கும் கிடைப்பவை சிக்மா 150-600 கன்டெம்பரரி (1.93 கிலோ), டாம்ரான் 150-600 ஜி2 (சுமார் 2 கிலோ). இரண்டும் 600-ல் எஃப்/6.3. சிக்மா 2.8 மீட்டரிலும் டாம்ரான் 2.2 மீட்டரிலும் ஃபோகஸ் ஆகும்.

மிரர்லெஸ்ஸில் கெனான் ஆர்எஃப் 100-400 (635 கிராம்), சோனி ஏபிஎஸ்-சிக்கு 70-350, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் (ஏபிஎஸ்-சியைவிடச் சின்ன சென்சார் வகை) ஒலிம்பஸ் 75-300 (423 கிராம்). மூன்றையும் எம்ஆர்டி ரயிலில் தோள்பையில் போட்டுப் போகலாம். இரண்டு கிலோ லென்ஸை இந்த வெயிலில் மூன்று மணி நேரம் தூக்குவது வேறு விஷயம். வீட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கண்ணுக்கு நேரே இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

500 எஃப்/8 மிரர் லென்ஸ், 420-800 என்று எழுதிய நீளக் குழாய், லென்ஸ் முன்னால் திருகும் கன்வெர்ட்டர் மூன்றையும் தவிர்க்கவும். முதல் இரண்டிலும் பெரும்பாலும் ஆட்டோஃபோகஸ் இருக்காது. மூன்றாவது கூர்மையைக் கெடுக்கும்.

4. பழைய லென்ஸைச் சோதிப்பது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பெனின்சுலா பிளாசா கடையாக இருந்தாலும் கரோசல் இணையச் சந்தையில் பார்த்தவரை வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் கீழ்த்தளத்தில் சந்தித்தாலும் முறை ஒன்றுதான். சொந்த கேமரா, முழு சார்ஜ், காலி கார்டு, கைபேசி டார்ச் கொண்டுபோங்கள்.

பூஞ்சையை முதலில் பாருங்கள். முன்னால் ஃபில்டர் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். பின்பக்கம் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவும், பிறகு திருப்பிப் பிடித்து மறுபடியும். நிக்கான் ஜி வகை (அப்பர்ச்சர் வளையம் இல்லாத) லென்ஸில் அப்பர்ச்சர் மூடியே இருக்கும், பின்னால் உள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளிப் பிடித்தால்தான் உள்ளே தெரியும். நாலைந்து தூசி படத்தைக் கெடுக்காது. சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து கிளை விட்டால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால் படிந்தது போலிருந்தால் அதைவிட மோசம், கான்ட்ராஸ்ட் போய்விடும். இரண்டுக்கும் பேரம் பேசவே வேண்டாம். சுத்தம் செய்தாலும் கண்ணாடிப் பூச்சில் அரிப்பு தங்கிவிடலாம், செலவும் கூடும்.

அடுத்து ஃபோகஸ். கீழ்த்தளத்தில் அறிவிப்புப் பலகை இருக்கும், எழுத்து நெருக்கமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 6 மீட்டரில் நின்று, லென்ஸை அதிகபட்ச ஜூமில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஷட்டர் 1/1000-ல் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் கையால் ஃபோகஸைக் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஃபோகஸையே பத்து முறை சோதித்ததாகும். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பத்தில் குறைந்தது எட்டு கூர்மையாக இருந்தால் சரி. பத்துமே ஒரே மாதிரி மங்கல், லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுப்பது) மட்டும் கூர்மை என்றால் லென்ஸும் உடலும் ஒத்துப்போகவில்லை. நடுத்தர டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் நுண்சரிசெய்தல் மெனு உண்டு, ஆரம்பநிலை உடல்களில் இல்லை. அங்கே சிக்மா 150-600-க்கு அதன் யுஎஸ்பி டாக், டாம்ரான் ஜி2-க்கு டேப்-இன் கன்சோல் (லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவிகள்) வாங்கி லென்ஸிலேயே சரிசெய்யலாம். ஒரு படம் கூர்மை, அடுத்தது மங்கல் என்று தாறுமாறாக வந்தால் டாக் உதவாது. அது பழுது, விட்டுவிடுங்கள். சட்டகத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கலென்றால் கண்ணாடி நகர்ந்திருக்கிறது, லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம்.

கடைசியாக: உலுக்கல் தடுப்பைப் போட்டு ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டர் காட்சி சட்டென்று அமைதியாக வேண்டும். லென்ஸைத் தரை நோக்கிப் பிடித்தால் 150-600-கள் தானாக நீளலாம், அது குறையில்லை, பூட்டு வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

5. லென்ஸ்மேல் பழி போடுமுன்

பத்து மணிக்கு மேல் சேற்றுப் பரப்பிலிருந்தும் தார்ச்சாலையிலிருந்தும் எழும் சூட்டலை தூரத்துப் பறவையை நெளிய வைக்கும். எவ்வளவு விலை லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. காலையில் போங்கள், அல்லது நெருங்குங்கள். மலிவு யுவி ஃபில்டரின் குறை 400 மி.மீ.க்கு மேல் அப்பட்டமாகத் தெரியும், கழற்றி வைத்துவிட்டு ஹூட் போடுங்கள். எட்டாத பறவையை இரை போட்டு வரவழைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், காட்டுயிர்ச் சட்டப்படி இங்கே குற்றம்.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிச் சூட்டில் வைத்துவிட்டுத் திறக்கவும்.

பின்சேர்க்கை: நிக்கான்காரர்களுக்கு

"லென்ஸ் மாட்டுகிறது, ஃபோகஸ் ஆகவில்லை" என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டி3500, டி5600 போன்ற உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, 80-400-இன் பழைய டி வகை (லென்ஸுக்குள் மோட்டார் இல்லாதது) அவற்றில் கையால்தான். டிஎஸ்எல்ஆர் லென்ஸை நிக்கான் மிரர்லெஸ்ஸில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் அதே கதை. மறுபுறம் ஏஎஃப்-பி (புதிய மோட்டார் வகை) லென்ஸ்கள் டி90, டி3200 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸே ஆகாது, கையாலும் கூட. கெனான்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஈஎஃப் (டிஎஸ்எல்ஆர்) லென்ஸ் அடாப்டர் வழியே ஆர் (மிரர்லெஸ்) உடல்களில் அப்படியே ஓடும்.

லென்ஸ் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஈரப்பதம் கட்டுப்படுத்தும் பெட்டிக்கு ஒதுக்குங்கள். 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கவும். மழையில் நனைந்த லென்ஸைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு உலரவிட்ட பிறகே உள்ளே.