படம் கேட்க ஒரு ஆள் வேண்டும்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஆகும். இடையில் கிடைக்கிற நேரத்தில் பால்பாயின்ட் பேனாவால் படம் வரைகிறேன். என்னைப் போலவே வேலை பார்த்துக்கொண்டு வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள், பாட்டு கற்றுக்கொள்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஆசையாத்தான் ஆரம்பிக்கிறோம். ரெண்டு மாசத்துல சுரத்து இறங்கிடுது. உங்களுக்கு மட்டும் எப்படி ஓடுது?"

என்னிடம் படம் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் ஓடுகிறது. பாராட்டு ஒரு நாள் தாங்கும். "எப்பம்மா தருவே?" என்று ஒருவர் வந்து நிற்பது மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே உற்சாகம் குறைகிறது என்று தோன்றினால், முதல் வேலையாக உங்களிடம் கேட்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள்.

எப்படிப் பிடிப்பது? வரைவீர்கள் என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பேனாவும் அட்டையும் வைத்திருப்பேன். கூட்டம் இல்லாத பிற்பகலில் வரைவதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஒரு பாட்டி, "ஏ தாயி, நீ ஆளப் பாத்துப் படம் போடுவியாமே?" என்று கேட்டார். இறந்துபோன கணவர் படம் அவருக்கு வேண்டும். கையில் இருந்ததோ பழைய வாக்காளர் அட்டை ஒன்று மட்டும். அதில் முகம் கட்டைவிரல் நகத்தளவு, அதுவும் நிழல் விழுந்து பாதி கறுப்பு. படத்தில் தெரியாததை எல்லாம் பாட்டி வாயால் சொன்னார். கடுக்கன் போட்டுத் தொங்கிய காது. வெற்றிலை அடக்கி அடக்கி ஒரு பக்கம் சற்றே உப்பிய கன்னம். வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீசை இன்னும் கொஞ்சம் கீழ எறங்கும்" என்றார். மறுபடி வரைந்தேன். அந்த மீசையின் இறக்கத்தில்தான் அந்த மனிதர் முகத்துக்கு ஒரு சாந்தம் வந்தது. தனியாக உட்கார்ந்து நூறு முகம் வரைந்திருந்தாலும் அதை நான் கவனித்திருக்க மாட்டேன். கேட்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

கேட்பவர் கிடைத்ததும் மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: எந்த அளவில் வரைவீர்கள், என்றைக்குத் தருவீர்கள், என்ன வாங்கிக்கொள்வீர்கள். கடைசி விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம். எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி. காசாக இருக்கலாம், கேட்பவர் வசதிக்கு ஏற்ற பொருளாக இருக்கலாம். அந்தப் பாட்டி ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தார், சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். கொடுத்து வாங்கினால்தான் கேட்பவருக்கு "இன்னும் முடியலையா" என்று கேட்க உரிமை வரும். அந்த உரிமையைத்தான் நீங்கள் அவருக்குக் கொடுக்கிறீர்கள்.

இதைப் பெரியவர்கள் வாழ்க்கையிலும் பார்க்கலாம். கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாக வரைந்த சில்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் சீனிவாசன், நாமக்கல்காரர். பையன் கையில் வித்தை இருப்பதைப் பார்த்துச் சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னவர், தாமும் ஓவியரான நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. 'சில்பி' என்று பெயர் வைத்தவர் விகடனில் இருந்த ஓவியர் மாலி. அப்புறம், 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஆனந்த விகடன் அவரிடம் இதழுக்கு இதழ் படம் கேட்டது. கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து, கல்லில் இருக்கும் ஆபரணத்தின் ஒவ்வொரு மணியையும் பேனாவில் கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய கைக்கே ஒருவர் போகச் சொன்னார், ஒருவர் பெயர் கொடுத்தார், ஒரு பத்திரிகை கேட்டுக்கொண்டே இருந்தது. நமக்கும் அப்படி யாராவது வேண்டும் என்று நினைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, கேட்க ஆள் வந்தாயிற்று. தினமும் எதைப் பார்த்து வரைவது?

நீங்கள் ஏற்கெனவே நாள் முழுக்க நிற்கிற இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஊருக்குப் போனால்தான் கண் திறக்கும் என்று காத்திருந்தால், வருடத்துக்கு ஒரு தடவைதான் வரைவீர்கள். என் இடம் கடைக் கவுன்ட்டர். அங்கே முகத்தைவிடக் கைகள்தான் அதிகம் தெரியும். சுருக்குப்பையைத் திறக்கிற கையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். இடது கை பையின் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து வாய்க்குள் நுழைந்து, கத்திரி விரிவது போல அகலும். அப்போது கட்டைவிரல் வெளியே, எந்த வேலையும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கும். அந்தச் சும்மா நிற்கிற கட்டைவிரலைச் சரியாகப் போட்டுவிட்டால், மற்றதெல்லாம் நாலு கோட்டில் வந்துவிடும். மருந்துச் சீட்டை நீட்டுகிற கை வேறு மாதிரி. முதல் தடவை வருகிறவர்கள் சீட்டை விரித்து இரண்டு கையாலும் நீட்டுவார்கள். வருடக்கணக்கில் அதே மாத்திரை வாங்குகிறவர்கள், நாலாக மடித்துத் துணி போல நைந்துபோன சீட்டைப் பிளாஸ்டிக் கவரோடு மேசையில் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

உங்கள் இடம் டீக்கடையாக இருக்கலாம், பஸ் நடத்துநர் வேலையாக இருக்கலாம், பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமாக இருக்கலாம். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதையே தொடருங்கள். கைகள் என்றால் கைகள்தான். செருப்புகள் என்றால் செருப்புகள்தான். எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும்: தினம் காதில் விழுகிற ஒரு பேச்சை அப்படியே நாலு வரி எழுதி வையுங்கள்.

ஆட்களை வரைவதில் ஒரு மரியாதை இருக்கிறது. கடையில் நான் கைகளை மட்டும்தான் வரைகிறேன். யார் என்ன மருந்து வாங்குகிறார் என்பது என் படத்தில் தெரியக் கூடாது. முகம் வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத்தான். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளப் படியில் சாயங்காலம் உட்கார்ந்து வரையும்போது, பக்கத்தில் இருப்பவர்களிடம் முதலிலேயே நோட்டைக் காட்டிவிடுவேன். பெண்கள் தனியாக உட்கார்ந்து வரையும்போது இது ரொம்ப உதவும். காட்டிவிட்டால் சுற்றி நிற்பவர்கள் நம் பக்கத்து ஆட்களாகிவிடுகிறார்கள். "அந்த மண்டபத்து உச்சிய விட்டுட்டீங்க" என்று திருத்தமும் கிடைக்கும்.

பொருள் விஷயம். மாத்திரை வருகிற அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால், பலவற்றில் உட்பக்கம் சாம்பல் நிறமாக, வழவழப்பு இல்லாமல் இருக்கும். பழகுவதற்கு அதைவிட நல்ல பரப்பு இல்லை. சாம்பல் நிறம் நடு வெளிச்சமாக நின்றுகொள்ளும். நிழல் விழுகிற இடத்துக்கு மட்டும் நீலப் பால்பாயின்ட், வெளிச்சம் படுகிற இடத்துக்கு மட்டும் வெள்ளை ஜெல் பேனா. இரண்டே பேனாவில் ஒரு கை உருண்டு திரண்டு வரும். பால்பாயின்ட்டின் அழகு அழுத்தத்தில் இருக்கிறது. பேனாவைச் சற்றுப் பின்னால் தள்ளிப் பிடித்து, காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். அதன்மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு, அப்புறம் இன்னொன்று. முனையில் மை திரளும், பக்கத்தில் ஒரு பஞ்சை வைத்துக்கொண்டு அவ்வப்போது துடைத்துவிட வேண்டும்.

ஆனால் யாருக்காவது கொடுக்கிற படத்தை இந்த அட்டையில் போடாதீர்கள். வருடங்கள் போனால் அட்டை பழுத்துவிடும். வெயில் பட்டால் பால்பாயின்ட் மையும் வெளுத்துவிடும். கொடுக்கிற படத்துக்குக் கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாள், வெளுக்காத பிக்மென்ட் மைப் பேனா. நேர் வெயில் விழாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு, மதுரைக்கு வருகிறவர்களுக்கு ஒரு இடம் சொல்கிறேன். எனக்குச் சோர்வு வரும்போது போகிற இடம் அதுதான். நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் சமணர் மலை. வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். படம் விரித்த நாகத்தின் அடியில் நிற்கும் சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதரை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். சிற்பங்களுக்குக் கீழே, பழைய காலத்துத் தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்று, சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. செதுக்கியவர் பெயர் அதில் இல்லை. செய்யச் சொன்ன அம்மாவின் பெயர் ஆயிரம் வருடமாக நிற்கிறது. செதுக்கியவர் பெயரும் இருந்திருக்கலாமே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆனாலும் அந்த அம்மா கேட்டிருக்காவிட்டால் அந்தப் பாறை வெறும் பாறையாகத்தான் இருந்திருக்கும். அங்கே உட்கார்ந்து வரைய வேண்டுமானால் காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறியதும் பாறை சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். சிற்பத்தைத் தொட்டு, சாக்பீஸ் தடவி எடுப்பு காட்டுகிற வேலை வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது கோடுகள் தானாகத் தெரியும்.

வரைந்ததை யாரிடம் காட்டுவது என்பது அடுத்த சிக்கல். வீட்டில் காட்டினால் "நல்லா இருக்கு" என்பார்கள். அன்பு அது, ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போக முடியாது. "நல்லா இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதுல முதல்ல உன் கண்ணு எங்க போகுது?" என்று கேளுங்கள். எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், தையல்கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அந்த வாரத்து வேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவோம். அவள் ஒரு ரவிக்கைக் கழுத்து, நான் ஒரு படம். அவளுக்கு ஓவியம் தெரியாது, எனக்குத் தையல் தெரியாது. ஆனால் கோணல் எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். வேறு கலையில் இருப்பவர் துணையாகக் கிடைத்தால் விடாதீர்கள். போட்டி இல்லாத கண் அது. போனில் போடுவது பற்றி ஒரே வார்த்தை: முடிந்த படத்தைப் போடுங்கள், போட்டுவிட்டு மறுநாள் வரை திறக்காதீர்கள்.

இத்தனையும் செய்தாலும் கை ஓடாத நாட்கள் வரும். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் காய்ச்சல், கடையில் ஸ்டாக் கணக்கெடுப்பு. அந்த நாட்களில் புதிதாக எதையும் யோசிக்காதீர்கள். அட்டைகளைப் பிரித்து ஒரே அளவில் வெட்டி அடுக்குங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்த ஒரு பெரியவர் படத்தில் ஒரு சின்ன மூலையை மட்டும் பார்த்துப் போடுங்கள். சில்பி வரைந்த ஒரு வளையல், ஒரு மடிப்பு, அது போதும். அவர் எங்கே பேனாவை எடுத்தார், எங்கே கோட்டை உடைத்துவிட்டார் என்பதைக் கை தானே கற்றுக்கொள்ளும். ஒருவரிடம் படம் தருவதாக நாள் சொல்லியிருந்தால், தள்ளிப்போகும் என்பதை அந்த நாளுக்கு முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லும்போதே புது நாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எப்ப முடியுமோ அப்பக் குடு" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கிழமை குறித்துக்கொண்டுதான் வர வேண்டும்.