மாடல் ஜெட்: இடிஎஃப்பா, டர்பைனா?

ரிமோட்டில் பறக்கும் மாடல் ஜெட்டை முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 90 மி.மீ. விட்டமுள்ள இடிஎஃப். குழாய்க்குள் சுழலும் மின்விசிறிதான் அது. பேட்டரியை மாட்டினால் பறக்கத் தயார். த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) தள்ளிய நொடியே உந்துவிசை கிடைக்கும். ஆனால் 3 முதல் 5 நிமிடம்தான் பறக்கும். அதனால் டைமரை மூன்றரை நிமிடத்துக்கு வையுங்கள். இறக்கியதும் லிப்போ பேட்டரியில் செல்லுக்கு 3.7 வோல்ட்டாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள்.

டர்பைன் என்பது எரிபொருளை எரித்து ஓடும் குட்டி ஜெட் எஞ்சின். அதற்கு மண்ணெண்ணெயோடு சுமார் 5 சதவீதம் டர்பைன் ஆயில் கலக்க வேண்டும். 10 நிமிடம் வரை தாராளமாகப் பறக்கலாம். அந்தச் சத்தமும் மண்ணெண்ணெய் வாசனையும் அசல் ஜெட்டேதான். செலவு பல மடங்கு. தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இடிஎஃப்பிலிருந்து டர்பைனுக்கு மாறுபவர்கள் தடுமாறுவது தரையிறக்கத்தில்தான். ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், இருக்கும் டர்பைன் முழு வேகம் பிடிக்கச் சில நொடி ஆகும். ஓடுபாதைக்கு முன்பே விமானம் தாழ்ந்துவிட்டால், அப்புறம் த்ராட்டிலைத் தள்ளிப் பயனில்லை. கடைசித் திருப்பத்திலிருந்தே த்ராட்டிலை ஐடிலுக்குச் சற்று மேலே வைத்தபடி இறக்குங்கள். தரையிறங்கி எஞ்சினை நிறுத்தியதும் உடனே விமானத்தின் மின்சாரத்தை அணைக்காதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் காற்றை இழுத்து எஞ்சினைக் குளிர்வித்து முடிக்கட்டும்.