ஏற்காட்டுல விசித்திரப் பூச்சி பாக்கணுமா? ஒரு பழைய வேட்டிய எடுத்து வைங்க

ஏற்காடு வர்றவங்க முக்காவாசி பேரு ஏரில போட் ஓட்டி, லேடீஸ் சீட்ல நின்னு ஃபோட்டோ எடுத்து, மிளகா பஜ்ஜி தின்னுட்டு 20 ஹேர்பின் பெண்டும் இறங்கி சேலத்துக்கே வந்துடறாங்க, ஆனா அங்க வேடிக்கையே ராத்திரி எட்டு மணிக்கு மேல தான்.

பெருசா செலவெல்லாம் இல்லைங்க. வெள்ளை வேட்டி ஒண்ணு, வெள்ளை வெளிச்சம் தர்ற பல்பு (மஞ்ச பல்புக்கு அவ்வளவா வராது), டார்ச், குடை. நாள் பாத்து போறது தான் முக்கியம், மழை விட்டு ஒரு நாள் ரெண்டு நாள் ஆகியிருக்கணும், காத்து இருக்கக் கூடாது, அமாவாசைய ஒட்டி இருந்தா இன்னும் விசேஷம். பௌர்ணமிக்கு போயிட்டு ஒண்ணுமே வரலன்னு என்னைத் திட்டாதீங்க.

தங்குற இடத்துல ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, தோட்டத்த பாத்தாப்ல கொடிக்கயித்துல வேட்டிய தொங்கவிட்டு முன்னாடி பல்ப போடுங்க. காட்டுக்குள்ள மட்டும் ராத்திரி போகவே வேண்டாம், காட்டெருமை சுத்துற மலை.

அரை மணி நேரத்துல வேட்டி நிறைஞ்சிரும். பூச்சிக்கு லைட்டுன்னா ஆசைன்னு தான நினைக்கறோம், அப்படி இல்லையாம், வெளிச்சம் இருக்குற பக்கம் தான் வானம்னு முதுக அந்தப் பக்கமே திருப்பிக்கிட்டு பறக்கற பழக்கம் அதுக்கு, பல்பு கிட்ட வந்தா கணக்கு தப்பி சுத்தி சுத்தி மாட்டிக்குது. அதைப் பிடிச்சு திங்க கும்பிடு பூச்சியும் வரும். அது கண்ண ராத்திரில பாருங்க, முழுக்க கறுத்துக் கெடக்கும். அதையே பகல்ல பாத்தா கண்ணுல ஒரே ஒரு கறுப்புப் புள்ளி தான் இருக்கும், நீங்க எந்தப் பக்கம் நகந்தாலும் அது உங்களையே பாக்கும். உண்மையில அது முழி இல்ல, பூச்சியோட ஒரு கண்ணே நிறைய குட்டிக் குட்டிக் கண்ணுங்க சேந்தது, அதுல நமக்கு நேரா இருக்கறதுங்க வெளிச்சத்த உள்ள வாங்கிக்கறதால அந்த இடம் மட்டும் கறுப்பா தெரியுது.

பகல்ல குடை வேலை. வேலிச் செடிக்கு அடியில குடைய தலைகீழா விரிச்சுப் பிடிச்சு கிளைய ரெண்டு தட்டு தட்டுங்க. கறுப்புக் குடைன்னா உள்ள ஒரு வெள்ளைத் துண்டு போட்டுக்கங்க. இலையும் சருகும் குச்சியுமா விழும், உடனே கொட்டிடாதீங்க, ஒரு நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டே இருங்க, அந்தக் குச்சில ஒண்ணு எந்திரிச்சு நடக்கும்! குச்சிப்பூச்சி. முட்டை கூட விதை மாதிரி தான் இருக்கும், சில வகைல ஆணே இல்லாம பொண்ணு முட்டை வச்சு குஞ்சு பொரியும், சின்ன வயசுல கால் ஒடிஞ்சா அடுத்தடுத்து தோல் உரிக்கறப்ப திரும்ப முளைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கொம்பு வச்ச ட்ரீஹாப்பர், செடித் தண்டுல சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி. அதைத் தேடாதீங்க, எறும்பத் தேடுங்க. ஒரு தண்டுல எறும்பு காரணமே இல்லாம கூட்டமா நின்னா அங்க முள்ளு மாதிரி இருக்கறத உத்துப் பாருங்க. மெதுவா விரல கிட்ட கொண்டு போனா அந்த "முள்ளு" நகந்து தண்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கும். சாற உறிஞ்சிட்டு இது வெளிய விடற இனிப்புத் தண்ணிக்கு தான் எறும்பு காவல் நிக்குது.

மலை ஏற முடியாதவங்க வீட்டு ஓரத்துல மழை படாத புழுதியப் பாருங்க, குழியானை இருக்கும். எறும்பு விழுந்தா மண்ண வாரி எறிஞ்சு கீழ தள்ளும், நடக்கறது பின்னாடியே தான். அதுக்கே ரெக்கை முளைச்சா தட்டான் கணக்கா ஆகி ராத்திரி லைட்டுக்கு வரும், நம்ம வேட்டிக்கும் வரலாம்.

ஒண்ணே ஒண்ணு உஷார். ஆரஞ்சும் கறுப்புமா எறும்பு சைஸ்ல மெலிசா ஒரு வண்டு வரும், ஆசிட் பூச்சிம்பாங்க. மேல உக்காந்தா ஊதி விடுங்க, நசுக்கிடாதீங்க. நான் கழுத்துல ஏதோ ஊறுதேன்னு தேச்சு விட்டுட்டேன், மறுநா பாத்தா கோடு கிழிச்சாப்ல கொப்பளம், ஒரு வாரம் காலர் வச்ச சட்டையே போடல. தெரியாம நசுக்கிட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவிடுங்க. கம்பளிப்பூச்சியையும் கையால தொடாதீங்க.

முடிஞ்சதும் லைட்ட அணைச்சிட்டு வேட்டிய செடி மேல மெதுவா உதறுங்க, விடிய விடிய எரிய விட்டா காலைல குருவிக்கு டிஃபன் ஆயிடும் எல்லாம். ஒரு தடவ தூக்கக் கலக்கத்துல உதறாம மடிச்சு பைல வச்சுட்டேன், மறுநா அஸ்தம்பட்டி வீட்டுல துவைக்க எடுத்த எங்கம்மா போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க.