கைத்துப்பாக்கிப் பொழுதுபோக்கில் நம்மவர் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் எவருக்கும் பொழுதுபோக்கு நினைவுக்கு வருவதில்லை. யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்கும் வயற்காரரின் சொட்கன், காட்டுக்கரையில் யாரோ மிருகத்துக்காகக் கட்டிவைத்த கட்டுத்துவக்கு, அவற்றுக்கும் அப்பால் யுத்த காலம் என்றுதான் மனம் ஓடும். ஆயினும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் குடியேறிய நம்மவர் சிலர், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவில் பழைய கைத்துப்பாக்கிகளைச் சேர்ப்பதையும் கழகங்களில் இலக்குச் சுடுவதையும் பழகியிருக்கின்றார்கள். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்து கதை சொல்ல, கேட்டிருக்கும் இளைஞர்களுக்கும் ஆசை பிறக்கின்றது. இந்த இரு தரப்பினரும் விடும் பிழைகளை உற்றுப் பார்த்தால், பெரும்பாலானவை கையாலும் கண்ணாலும் சோதிக்க வேண்டியதை மனத்தால் ஊகித்துக்கொள்வதிலேயே தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

ஊரில் இருப்பவர் விடும் முதற்பிழை சட்டத்தைப் பற்றிய ஊகம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது பாரிய குற்றமாகும். துருப்பிடித்தது, சுடாது, அப்பப்பா காலத்துச் சாமான் என்ற சமாதானங்கள் எதுவும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். அனுமதிப்பத்திரம் ஆளின் பெயருக்கு வழங்கப்படுவதேயன்றி, வீடுவளவைப் போலத் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதன்று. கிணறு வெட்டும்போதோ வரம்பு கட்டும்போதோ மண்ணுக்குள் கைத்துப்பாக்கி ஒன்று தென்பட்டால், அதைக் கழுவிப் பார்க்கலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. அதன் பக்கத்தில் வேறென்ன புதைந்திருக்கின்றது என்பதை எவரும் அறியார். மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு, இடத்தை அடையாளப்படுத்தி, பொலிசாருக்கு அறிவிப்பதே முறை. வெளிநாட்டிலிருந்து வருபவர் நினைவுப் பொருளாக ஒரு ரவையைப் பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் இதே வகைப் பிழைதான்.

அடுத்தது, உயிரை எடுக்கும் பிழை. சுவிற்சர்லாந்தின் பேர்ணில் இருக்கும் என் மச்சான் தன்னிடமுள்ள லூகர் என்ற பழைய ஜேர்மன் கைத்துப்பாக்கியை முதன்முதலில் எனக்குக் காட்டியபோது, ரவைக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்; நான் உடனே கையை நீட்டினேன். அவர் தரவில்லை. மேலிருக்கும் முழங்கால் போன்ற மூட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, குழாயின் பின்முனையில் ரவை நிற்கும் அறைக்குள் எட்டிப் பார்த்து, சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவிய பிறகே நீட்டினார். ரவைக்கூடு வெளியே இருந்தாலும் அறைக்குள் ஒரு ரவை தங்கியிருக்கலாம்; அந்த ஒன்று லூகரில் தாராளமாக வெடிக்கும். 1935இல் வந்த பிறவுணிங் ஹைபவர் போன்ற சிலவற்றில் ரவைக்கூடு இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. அதில் பழகிய கை மற்றவையும் அப்படித்தான் என்று நம்பிவிடுவதால், பாதுகாப்புக்காக வைத்த பொறியே ஆபத்தான பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகின்றது. பழைய சுழல்துப்பாக்கிகளிலும் இதற்கு நிகரான சங்கதி உண்டு. 1873ஆம் ஆண்டின் கோல்ட் ஆறு ரவை கொள்ளும். ஆனால் சுத்தியல் ரவையின் மேலேயே படிந்திருக்குமாதலால், கீழே விழுந்தால் வெடித்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரே உள்ள அறையை வெறுமையாக விடுவார்கள்.

ரவை விடயத்தில் நடக்கும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. உள்ளே நுழைகின்றதா, அப்படியானால் பொருந்தும் என்று முடிவு செய்வது மிகப் பெரிய மோசம். ஜேர்மன் கைத்துப்பாக்கியான மவுசர் சி96இன் 7.63 மில்லிமீற்றர் ரவையும் ரஷ்யாவின் தொக்கரேவ் 7.62 ரவையும் அளவில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பின்னையதன் அழுத்தம் அதிகம் என்பதால், நூறாண்டு பழைமையான மவுசரில் அதைச் சுடுவது உலோகத்தின் பொறுமையைச் சோதிப்பதாகும். இந்தக் குழப்பம் இராணுவங்களையே வாட்டியிருக்கின்றது. முதலாம் உலகப் போரில் 9 மில்லிமீற்றர் ரவைக்கென்று செய்யப்பட்ட மவுசர்களின் மரப்பிடியில் பெரிய 9 என்ற இலக்கத்தைச் செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசினார்கள் என்றால், சிப்பாய்கள் மாற்றி நிரப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். பிரித்தானியரின் சுழல்துப்பாக்கியான வெப்ளி மார்க் 6 இன்னொரு கதை. 1915இல் .455 ரவைக்கென்று ஏற்கப்பட்ட இதன் உருளையின் பின்புறத்தைச் சீவி, .45 ஏசிபி என்ற வேறு வகை ரவை போடும்படி பிற்காலத்தில் பலர் மாற்றிவிட்டார்கள். இன்றைய தொழிற்சாலை ரவையின் அழுத்தத்தை அது தாங்குவதற்கென்று செய்யப்படவில்லை. விற்பவர் சுடலாம் என்று சொன்னாலும், ஒரு துவக்குத் திருத்துநர் அளந்து பார்க்கும்வரை அதை அலுமாரிக்குரிய பொருளாகக் கருதுவதே புத்தி.

சேகரிப்பவர் விடும் பிழைகளில் எனக்கு அதிகம் மனவருத்தம் தருவது மினுக்குதல். திருவிழாவுக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கும் பரம்பரையில் வந்தவர்களுக்குப் பழைய இரும்பின் மங்கலான நிறம் அழுக்காகவே தெரிகின்றது. மச்சானும் தன் முதலாவது லூகரைப் பித்தளை மினுக்கும் திரவத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்த்தாராம். 1937 அளவு வரை செய்யப்பட்ட லூகர்களில் விசை போன்ற சிறு உறுப்புகள் சூடாக்கிப் பதம் செய்யப்பட்டு வைக்கோல் நிறத்தில் இருக்கும். அன்று மாலை அவை கரண்டியைப் போல் வெள்ளையாக மின்னின. நிறத்தோடு விலையும் போயிற்று. மேற்பூச்சும் கூர்மையான ஓரங்களும் முத்திரைகளும் சேர்ந்ததே அப்பொருளின் வரலாறு என்பதால், தேய்த்தவற்றுக்கு மறுபடி நீலக்கருமை மேற்பூச்சு ஏற்றினாலும் பழைய மதிப்புத் திரும்புவதில்லை. வாங்கும்போதும் பளபளப்பில் மயங்காமல் இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: லூகரின் சிறு உறுப்புகளில் தொடரிலக்கத்தின் கடைசி இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் பல துவக்குகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்றுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கின்றீர்கள்.

பழைய இராணுவ ரவைகளைச் சுட்டுவிட்டு எண்ணெய் மட்டும் பூசி வைப்பதும் தவறு. ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் தீமூட்டியிலிருந்த பொற்றாசியம் குளோரேற்று எரிந்தபின் குழாய்க்குள் ஒரு வகை உப்பாகப் படிகின்றது. வாவிக்கரையில் வாழ்பவருக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை; கல்லடிப் பக்கத்து வீடுகளின் சன்னற் கம்பிகளே சாட்சி. எண்ணெயில் உப்புக் கரையாது. ஆகவே முதலில் சுடுநீரால் குழாயைக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இட வேண்டும். தோலுறைக்குள் மாதக்கணக்கில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து, பதனிட்ட இரசாயனத்தோடு சேர்த்து இரும்புக்குக் கொடுக்கும்.

நம் பக்கத்து இளைஞர் எவராவது சட்டத்துக்கு அமைவாக இத்துறையில் கால் வைக்க விரும்பினால், 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கி விளையாட்டே பொருத்தமான வாசல். அதுவும் பொம்மையன்று, அனுமதி விதிகளை விசாரித்துவிட்டு, பயிற்றுநரின் கண்காணிப்பிலேயே தொடங்க வேண்டும். இதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீற்றர். புதியவர் இலக்கின் நடுவிலுள்ள கறுப்பையே உற்றுப் பார்க்கின்றார், அதுதான் முதற்பிழை. கண் தெளிவாகக் காணவேண்டியது குழாயின் முனையிலுள்ள முன்குறியை. இலக்கு மங்கலாகத் தெரிவதே சரி. அடுத்த பிழை, குறி நடுவில் வந்த கணத்தில் விசையைப் பட்டென்று இழுப்பது. ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்த எந்தத் துப்பாக்கியும் அசைந்துகொண்டுதான் இருக்கும். அந்த அசைவை ஏற்றுக்கொண்டு, குறைந்தது 500 கிராம் பாரமுள்ள விசையை மெதுவாக, தொடர்ச்சியாக அழுத்துபவரின் சன்னங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கை தளர்ந்த பிறகும் சுட்டே தீருவேன் என்று பிடித்து நிற்பதைவிட, துப்பாக்கியைத் தாழ்த்தி மூச்செடுத்து மறுபடி உயர்த்துவது நல்லது. போட்டியில் 60 சூடுகளுக்கு 75 நிமிடம் தருகின்றார்கள்; அவசரப்பட வேண்டிய தேவை இல்லை.

வெடிமருந்துத் துப்பாக்கியில் விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்கக் கூடாது; இலக்கை நோக்கியபடியே 30 வினாடி காத்திருக்க வேண்டும், தாமதித்து வெடிப்பதும் உண்டு. கண்ணாடியும் காதடைப்பானும் பக்கத்தில் நிற்பவருக்கும் வேண்டும். காற்றுத் துப்பாக்கியின் சன்னங்கள் பெரும்பாலும் ஈயத்தாலானவை. பயிற்சி இடைவேளையில் அதே விரல்களால் றோல்ஸைப் பிய்த்துத் தின்பவர்களை நான் கண்டிருக்கின்றேன். சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தால் தேநீர் ஆறிப்போகாது.